நாரும் மருந்தும் போதையும்: மலாயாவில் கஞ்சாவைக் குறித்த சட்டங்களும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் பட்டறிவும்

முன்னுரை

கஞ்சாச் செடியைச் சட்டத்திற்கு உட்பட்ட பயிராக ஏற்பதா, தொழில்துறை நாருக்காக அதனைப் பயிரிட இசைவு தருவதா என்னும் வினா அண்மை ஆண்டுகளில் மலேசியாவிலும் எழுந்துள்ளது. ஒரு சாரார் இதனைப் பொருளாதார வாய்ப்பாகவும் சுற்றுச்சூழலுக்கு நலம் பயக்கும் பயிராகவும் காண்கின்றனர். மற்றொரு சாரார் இளைஞரைச் சீரழிக்கும் நச்சுச்செடி என்று கூறி, அதனைப் பற்றிப் பேசுவதையே தவிர்க்க விழைகின்றனர். இவ்விரு கருத்துகளும் வரலாற்றின் துணையின்றி நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் தொடக்கக் கருத்தாகும்.

இந்நாட்டுத் தமிழருக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கஞ்சாவைக் குறிக்க மலாய்மொழியில் வழங்கும் சொல்லே இந்தியாவிலிருந்து வந்தது. அச்செடியின் பேரால் நிறைவேறிய தண்டனைகளுள் சில தமிழ்க் குடும்பங்களின் வாயிலையும் தட்டியுள்ளன. 2023 ஏப்ரல் 26ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சா தொடர்பான வழக்கில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். மற்றொரு புறம், அரசின் உரிமத்தோடு விற்கப்பட்ட போதைப்பொருள் ஒன்று ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதைக் கள்ளுக்கடையின் வாயிலாக நேரில் அறிந்தவர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டத் தமிழர்களே. தடையின் விலையையும் உரிமத்தின் விலையையும் ஒருங்கே அறிந்த சமூகம் என்னும் முறையில் இவ்விவாதத்தில் நமக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு. அதனை நிரல்பட எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லும் பல செடிகளும்

இவ்விவாதத்தில் நேரும் குழப்பத்தின் பெரும்பகுதி பெயரிலிருந்து பிறக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' எனப்படும் சொல் ஐரோப்பாவில் கஞ்சாக் குடும்பத்து நார்ச்செடியைக் குறிக்கத் தோன்றியது. கிழக்கு நாடுகளுக்கு வந்த ஐரோப்பியர், கயிறு திரிக்கப் பயன்படும் நார் எதைக் கண்டாலும் அதற்கு அப்பெயரையே இட்டனர். பிலிப்பைன்சின் 'மணிலா ஹெம்ப்' வாழையினத்தைச் சேர்ந்தது. 'சன் ஹெம்ப்' எனப்படுவது நம் உழவர் வயலில் பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பு. அது பயற்றினச் செடி. 'தக்காண ஹெம்ப்' எனப்படுவது புளிச்சை. கீரையாகச் சமைத்துண்ணப்படும் அச்செடியே இன்று மலேசியாவில் கெனாஃப் என்று வழங்குகிறது. இவற்றுள் எதற்கும் போதை இல்லை.

தமிழிலும் இச்சிக்கல் உண்டு. 'சணல்' என்னும் சொல் பேச்சு வழக்கில் கோணிப்பைக்குரிய வங்காளச் சணலையும் கயிற்றுக்குரிய சணப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. 'கஞ்சா' என்றால் புகைக்கும் பொருள் மட்டுமே மனத்தில் தோன்றுகிறது. ஆதலின் 'தொழில்துறை ஹெம்ப்' என்பதைச் சிலர் சணல் என்றும், சிலர் கஞ்சா என்றும் மொழிபெயர்க்கின்றனர். முதலாவது மொழிபெயர்ப்பு செடியின் உறவை மறைக்கிறது. இரண்டாவது அதன் பயனை மறைக்கிறது. 'நார்க்கஞ்சா' என்று வழங்குவது ஓரளவு பொருந்தும் என்பதால் இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

தாவரவியல் நோக்கில் நார்க்கஞ்சாவும் போதைக் கஞ்சாவும் ஒரே இனம். 1753இல் லின்னேயஸ் இதற்குக் 'கன்னபிஸ் சட்டைவா' எனப் பெயரிட்டார். 1785இல் லமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த செடியைத் தனி இனமாகக் கொண்டு 'கன்னபிஸ் இண்டிகா' என்றார். இன்று இவ்விரண்டையும் பிரிப்பதற்குச் சட்டங்கள் கையாளும் அளவுகோல், போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னபினால் என்னும் வேதிப்பொருளின் விழுக்காடாகும். கனடா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் 0.3 விழுக்காட்டிற்கு மிகாதது நார்க்கஞ்சா எனக் கொள்ளப்படுகிறது. இக்கோடு மனிதர் வகுத்தது, செடி வகுத்ததன்று. வெப்பமும் விதையும் வளர்சூழலும் மாறுமாயின் ஒரே வயலின் விளைச்சல் கோட்டின் இப்பக்கமோ அப்பக்கமோ விழக்கூடும்.

தமிழ் மருத்துவ மரபில் இச்செடிக்குக் கோரக்கர் மூலி என்னும் பெயரும் உண்டு. சித்த மருத்துவம் இதனைச் சுத்தி செய்தே மருந்தில் சேர்க்கும். நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவும் பக்குவமும் என்னும் கருத்து நம் மரபிற்குப் புதியதன்று. மேனாட்டு மருத்துவத்தில் இது நுழைந்ததும் இந்தியா வழியாகவே ஆகும். 1839இல் கல்கத்தாவில் மருத்துவராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிய ஓஷாக்னெசி, கஞ்சாவின் மருத்துவப் பயனைக் குறித்துத் தம் ஆய்வை வெளியிட்ட பின்னரே ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அதன் சாறு இடம்பெறத் தொடங்கியது.

வருவாய்க் குத்தகையும் போதையும்

மலாயாவில் போதைப்பொருள்களின் வரலாறு தடையில் தொடங்கவில்லை, வருவாயில் தொடங்கியது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் ஆட்சி காலூன்றிய தொடக்கக் காலத்தில் நில வரியும் சுங்கமும் அரசின் செலவுக்குப் போதவில்லை. ஆகவே குறிப்பிட்ட பொருள்களை விற்கும் தனியுரிமையை ஏலம் விட்டுக் குத்தகைப் பணம் பெறும் முறை கையாளப்பட்டது. அபினியும் சாராயமும் இவ்வாறு குத்தகைக்கு விடப்பட்டவற்றுள் முதன்மையானவை. கள், பங்கி ஆகியவற்றின் விற்பனையும் குத்தகை இனமாக இருந்தது. பங்கி என்பது கஞ்சா இலையைக் கொண்டு ஆக்கப்படுவது. அபினி பெரிதும் சீனரிடையேயும், கள்ளும் பங்கியும் பெரிதும் இந்தியரிடையேயும் விலைபோயின. இனத்திற்கு ஒரு போதை என்று வகுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வருவாய் ஈட்டிய ஆட்சிமுறை அது.

சிலாங்கூரில் ஈய வயல்களும், 1880களில் வளரத் தொடங்கிய கோலாலம்பூரும் இவ்வருவாய் முறையிலேயே வளர்ந்தன. 1881இல் நெருப்பும் வெள்ளமும் நகரை அழித்தபின் செங்கல்லால் நகரைக் கட்ட முனைந்தபோது, சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைக்கும் இரயில்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையையும் பின்னர்த் தோட்டங்களையும் சார்ந்தே தமிழர் குடியிருப்புகள் பெருகின. அபினிக் குத்தகைமுறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்து, நீரிணைக் குடியேற்றங்களில் 1910இல் அரசே அபினி வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. போதையைக் கட்டுப்படுத்துதல் என்று கூறப்பட்ட அந்நடவடிக்கையால் வருவாய் குறையவில்லை. அது குத்தகைதாரரின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது.

இதே காலத்தில் பிற குடியேற்ற நாடுகளில் ஒப்பந்தத் தமிழ்த் தொழிலாளரின் கஞ்சாப் பழக்கம் வேறொரு நோக்கில் பார்க்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1870ஆம் ஆண்டுச் சட்டம், கூலிகள் கஞ்சாச் செடியின் எப்பகுதியையும் புகைப்பதையும் வைத்திருப்பதையும், அவர்களுக்கு அதனை விற்பதையும் கொடுப்பதையும் தடைசெய்தது. தொழிலாளியின் உடல்நலத்தைவிட அவனது வேலைத்திறனும் அடக்கமும் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கவலையாக இருந்தன என்பதில் ஐயமில்லை. அரசுக்கு வருவாய் கிடைத்த இடத்தில் உரிமமும், முதலாளிக்கு உழைப்பு குறைந்த இடத்தில் தடையும் தோன்றின எனலாம்.

1893–94 ஆணையம்

கஞ்சாவைப் பற்றி ஆங்கிலேய அரசு நடத்திய மிகப் பெரிய விசாரணை இந்தியாவில் நடைபெற்றது. 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவைத் தொடர்ந்து, மெக்வர்த் யங் என்பாரைத் தலைவராகக் கொண்ட இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவரோடு எழுவர் கொண்ட அவ்வாணையத்தில் மூவர் இந்தியர். அது நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று 1,193 சாட்சிகளின் கருத்தைத் திரட்டியது. சென்னை மாகாணமும் அதன் ஆய்வுக்கு உட்பட்டது.

ஆணையத்தின் முடிவு இன்றும் எண்ணிப்பார்க்கத் தக்கது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு விளைவதாகச் சான்றில்லை என்றும், மிதமிஞ்சிய பயன்பாடு தீங்கு பயக்கும் என்றும் அது கண்டது. முழுத் தடை தேவையுமன்று, தகுந்ததுமன்று என்று கூறி, பயிரிடுதலைக் கட்டுப்படுத்தி, உரிமம் வழங்கி, வரி விதித்து நுகர்வைக் குறைக்கும் வழியைப் பரிந்துரைத்தது. மனநோய் இல்லங்களின் பதிவேடுகளில் கஞ்சாவால் பித்துப்பிடித்தவர் எனக் குறிக்கப்பட்டவர்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, அப்பதிவுகளுள் பல போதிய விசாரணையின்றி எழுதப்பட்டவை என்று வெளிப்படுத்தியது அதன் சிறந்த பணியாகும்.

ஆயினும் இவ்வறிக்கையை, சட்டமாக்கலுக்கு ஆதரவான நடுநிலைச் சான்று என்று அப்படியே எடுத்துக்கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. அவ்வாணையத்தை அமைத்த அரசே கஞ்சாவின் மீது வரி தண்டிய அரசாகும். முழுத் தடை விதித்தால் வருவாய் இழப்பும் மக்களின் மனக்கசப்பும் நேரும் என்பதை அது அறிந்திருந்தது. சமய வழக்கங்களில் தலையிட அஞ்சியதும் உண்மை. ஆணையம் திரட்டிய சான்றுகள் மதிக்கத்தக்கவை. ஆனால் அச்சான்றுகளைக் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதும் வரலாற்று மாணவன் மறவாது வினவ வேண்டியதாகும்.

ஜெனீவாவிலிருந்து கோலாலம்பூர் வரை

உலக அளவிலான தடை இந்தியாவிலோ மலாயாவிலோ தோன்றியதன்று. 1925இல் ஜெனீவாவில் நடைபெற்ற அபினி மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி வற்புறுத்தியதன் விளைவாகவே கஞ்சா அனைத்துலகக் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு அவை உடன்படிக்கை அதனை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, நாருக்கும் விதைக்கும் மட்டுமே பயிரிடப்படும் கஞ்சாவிற்கு அக்கட்டுப்பாடு பொருந்தாது என்று விலக்களித்துள்ளது. அனைத்துலகச் சட்டம் நார்க்கஞ்சாவைத் தடைசெய்துள்ளது என்னும் பரவலான எண்ணம் பிழையானது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாட்டு அவையின் போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவை நான்காம் பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்னும் வாக்குகளால் முடிவு செய்தது. இந்தியாவும் நீக்கத்திற்கு ஆதரவாக வாக்களித்தது. இதனால் மருத்துவப் பயன் ஏற்கப்பட்டதே ஒழிய, முதற்பட்டியலின் கட்டுப்பாடு நீங்கவில்லை.

மலாயாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் இன்றுவரை அடிப்படையாக உள்ளது. 1975இல் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்க வகை செய்யப்பட்டது. 1983இல் அது கட்டாயத் தண்டனையாயிற்று. அதே ஆண்டில் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்பிற்கு அச்சுறுத்தல் என அரசு அறிவித்தது. 1985இல் விசாரணையின்றித் தடுத்து வைப்பதற்கான தனிச்சட்டமும் வந்தது. 200 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட கஞ்சா ஒருவர் கைவசம் இருப்பின், மறுத்து நிறுவும் பொறுப்பு அவரைச் சார்ந்ததாக, அவர் கடத்தல்காரர் என ஊகிக்கப்படுவார். கஞ்சாவைப் பயிரிட்டால் ஆயுள் தண்டனையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு.

நார்க்கஞ்சாவைப் பொறுத்தவரை சட்டத்தின் வரையறையே முதன்மையானது. கஞ்சா இனத்துச் செடியின் எப்பகுதியிலேனும் பிசின் காணப்படுமாயின், அதன் அளவு எதுவாயினும், அச்செடி எப்பெயரால் வழங்கினும் அது கஞ்சாவே என்று சட்டம் கூறுகிறது. அளவைக் கணக்கில் கொள்ளாத இவ்வரையறையில் 0.3 விழுக்காடு போன்ற கோட்டிற்கே இடமில்லை. இதே செடியைப் பற்றி இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுள்ள நிலைப்பாடு வேறு. பூக்களோடு சேராத இலையையும் விதையையும் அது கஞ்சா என்னும் வரையறையிலிருந்து விலக்கியுள்ளதோடு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு இசைவு தரவும் வழி வைத்துள்ளது. அவ்வழியைக் கொண்டே உத்தராகண்ட் மாநிலம் 2018இல் நார்க்கஞ்சாப் பயிருக்கு உரிமம் வழங்கியது.

2018 ஆகஸ்டில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் வழங்கிவந்த இளைஞர் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது அத்தண்டனை மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்றார். 1983இல் தண்டனையைக் கட்டாயமாக்கிய ஆட்சியின் தலைவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது. 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், முறைப்படி பதிவு செய்யப்பட்ட கஞ்சா மருந்துப் பொருள்களை மருத்துவப் பயனுக்கு இறக்குமதி செய்வதை நடப்புச் சட்டங்கள் தடுக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் விளக்கினார். 2023 ஜூலை 4ஆம் நாள் முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. தண்டனை முடிவான ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரும் வாய்ப்பைப் பெற்றனர். மரண தண்டனை இன்னும் நீதிபதியின் விருப்புரிமையாக ஏட்டில் உள்ளது.

கிள்ளான் கள்ளுக்கடைகள் கற்பித்த பாடம்

சட்டமாக்கலை ஆதரிப்போர் பெரும்பாலும் முன்வைக்கும் வாதம், தடையை நீக்கி உரிமமும் வரியும் விதித்தால் கள்ளச்சந்தை ஒழியும், அரசுக்கு வருவாய் பெருகும் என்பதாகும். இவ்வாதத்தை உரைத்துப் பார்க்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உரிமத்தோடு விற்கப்பட்ட ஒரு போதைப்பொருள் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் பல்லாண்டுகள் இருந்தது.

இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய 1900களின் தொடக்கம் முதல், கள்ளுக்கடை தோட்ட வாழ்வின் நிலையான உறுப்பாயிற்று. தோட்டத்திற்குள்ளேயே உரிமம் பெற்ற கடை இருந்தால் தொழிலாளி வெளியே செல்ல வேண்டியதில்லை, மலிவாகக் குடிக்கலாம், மறுநாள் வேலைக்கு வருவான் என்பது நிர்வாகத்தின் கணக்கு. சிலாங்கூர்க் கடற்கரை மாவட்டங்களில் கள்ளின் தவறான பயன்பாடு குறித்து எழுந்த குற்றச்சாட்டுகளை ஆராய ஓர் ஆணையமே அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1917இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. இந்தியாவில் கஞ்சாவிற்கு அமைந்தது போன்றதோர் ஆணையம் மலாயாவில் தமிழரின் கள்ளுக்காக அமைந்தது எனலாம். ஆணையத்திற்குப் பின்னரும் கடைகள் தொடர்ந்தன.

கடைகளை மூடக் கோரியவர்கள் தொழிலாளரே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பெண்கள் மீதான தொல்லைக்கு முடிவு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றது. வெள்ளைக்கார நிர்வாகியின் முன் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கை ஒழிக்க வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. கள்ளுக்கடையையும் இவ்வழக்கையும் அவர்கள் ஒரே வரிசையில் வைத்தது எண்ணத்தக்கது. அவர்கள் கண்ணில் இரண்டும் ஓர் ஒடுக்குமுறையின் இரு முகங்கள். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. போருக்குப்பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. அதுவும் அடக்கப்பட்டது.

பின்னாளில் கள்ளுக்கடைகள் தேய்ந்தன. ஆயினும் அவ்விடத்தைச் சம்சு எனப்படும் மலிவுச் சாராயம் பிடித்தது. அதுவும் உரிமம் பெற்ற ஆலைகளில் உருவாகி, சிறு போத்தல்களில் தோட்டப்புறக் கடைகளை அடைந்தது. இதனால் இந்தியத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நேர்ந்த அழிவைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் எடுத்துரைத்து வந்துள்ளது.

இவ்வரலாறு தடையே நன்று என்று நிறுவவில்லை. கள்ளைத் தடைசெய்திருந்தால் கள்ளச்சாராயம் வந்திருக்கும் என்று கூறுவோரின் வாதத்தை முற்றிலும் தள்ள இயலாது. ஆனால் உரிமம் என்பது தன்னளவில் விடுதலை ஆகாது என்பதை இது நிறுவுகிறது. வருவாயை அரசும் ஆதாயத்தை நிறுவனமும் பெற, இழப்பைத் தொழிலாளியின் இல்லாளும் பிள்ளைகளும் ஏற்ற ஓர் ஏற்பாடு முற்றிலும் சட்டப்படியே நடந்தது. ஆகவே பொழுதுபோக்கிற்கான கஞ்சா விற்பனையை வருவாயின் பேரால் பரிந்துரைக்கும் வாதம், கள்ளுக்கடையை நடத்தியவர்களின் வாதத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது என்று விளக்கும் கடமை அதனை முன்வைப்போருக்கு உண்டு.

நார்ப்பயிரும் நில நடுக்கோட்டு ஞாயிறும்

நார்க்கஞ்சாவின் பொருளாதார, சுற்றுச்சூழல் நன்மைகள் மெய்யானவை. அது மூன்று, நான்கு திங்களில் வளர்ந்து களைகளை அடக்குகிறது. தண்டின் புறப்பட்டையிலிருந்து துணிக்கும் கயிற்றுக்கும் உரிய நார் கிடைக்கிறது. உள்தண்டின் சில்லுகளைச் சுண்ணாம்போடு கலந்து எடை குறைந்த கட்டுமானப் பொருள் ஆக்குகின்றனர். விதை உணவாகவும் எண்ணெயாகவும் பயன்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் பிலிப்பைன்சைக் கைப்பற்றி மணிலா நாரின் வரவு நின்றபோது, 1937இல் வரிச்சட்டத்தால் கஞ்சாவை ஒடுக்கியிருந்த அமெரிக்காவே 1942இல் தன் உழவரை நார்க்கஞ்சா பயிரிடுமாறு அழைத்தது.

ஆனால் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பெற்ற நன்மை கிள்ளானிலும் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. கஞ்சா குறும்பகல் செடி; பகல் நீண்டிருக்கும்வரை உயர்ந்து வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கும். கோலாலம்பூர் வட அகலாங்கு 3 பாகையில் உள்ளது. இங்கு ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. மிதவெப்ப நாட்டு விதையை இங்கு ஊன்றினால் போதிய உயரம் எட்டும் முன்னரே அது பூத்துவிடும், நார் குன்றும். வெப்பமண்டலத்திற்குரிய வகைகளைத் தேர்ந்தால் போதைப்பொருளின் விழுக்காடு கோட்டைத் தாண்டும் இடர் உண்டு. தாண்டினால் விளைந்த பயிரை அழிக்க நேரும். தண்டை நீரில் ஊறவைத்து நார் பிரிக்கும் முறையால் நீர்நிலைகள் மாசுறும் என்பதும் மறைக்கத் தக்கதன்று.

இவ்விடத்தில் மலேசியா முன்னரே மேற்கொண்ட ஒரு முயற்சி பாடமாக அமையும். தென்கிழக்காசியத் தடையற்ற வணிக ஏற்பாட்டால் புகையிலைக்குரிய பாதுகாப்பு குறைய இருந்த நிலையில், கிளந்தான், திரங்கானு முதலிய மாநிலங்களின் புகையிலை உழவருக்கு மாற்றுப்பயிராகக் கெனாஃப் அறிமுகம் செய்யப்பட்டது. தேசியப் புகையிலை வாரியத்தின் இடத்தில் 2010இல் தேசியக் கெனாஃப், புகையிலை வாரியம் அமைந்தது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகமும் மார்டி நிறுவனமும் கெனாஃப் நாரை ஆராய்ந்துள்ளன. இச்செடியின் அறிவியற் பெயரில் உள்ள 'கன்னபினஸ்' என்னும் அடைமொழி, அதன் இலை கஞ்சா இலையை ஒத்திருப்பதால் வந்தது. அதாவது, நார்க்கஞ்சாவால் கிட்டும் என எதிர்பார்க்கப்படும் நார்சார் பயன்களுள் பலவற்றைத் தரக்கூடிய, போதையற்ற, சட்டச்சிக்கலற்ற பயிர் ஒன்று ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. நம் பாட்டிமார் கீரையாகக் கடைந்த புளிச்சையே அது. அதற்குரிய சந்தையும் பதப்படுத்தும் ஆலைகளும் எந்த அளவுக்கு உழவருக்குப் பயன்பட்டன என்பதை ஆராயாமல், அதே நாட்டில் அதே நோக்கத்திற்காக வேறொரு பயிரை வேண்டுவது முறையாகாது.

நிலம் பற்றிய வினாவும் எஞ்சுகிறது. இந்நாட்டில் புதிய பணப்பயிர் ஒவ்வொன்றும் பெருவாழ்வு தரும் என்னும் வாக்குறுதியோடு வந்தது. 1890களில் கிள்ளான் பகுதியில் காப்பி. பிரேசிலின் விளைச்சலால் விலை வீழ்ந்ததும் அது கைவிடப்பட்டது. பின்னர் இரப்பர், அதன்பின் செம்பனை, இறுதியில் வீட்டுமனை. பயிர் மாறிய ஒவ்வொரு முறையும் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. அந்நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்க்கு அதில் பங்கில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறியவர்களின் பிள்ளைகளே இன்று கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் ஆகிய இடங்களின் மலிவு அடுக்ககங்களில் வாழ்கின்றனர். புதிய பயிரின் ஆதாயம் சிறு உழவருக்கா, பெருநிறுவனத்திற்கா என்னும் வினாவை அவர்கள் கேட்பது இயல்பு.

அண்டை நாட்டின் பட்டறிவு

தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் நாள் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மருத்துவப் பயனும் உழவர் வருவாயும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். ஆயினும் விற்பனையை முறைப்படுத்தும் முழுமையான சட்டம் நிறைவேறும் முன்னரே நீக்கம் நடைமுறைக்கு வந்தமையால், நகரங்களில் கடைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. மருத்துவம் பின்னுக்குச் சென்றது. 2025 ஜூனில் அரசு மீண்டும் கட்டுப்பாடு விதித்து, மருத்துவச் சான்று இருந்தாலன்றிக் கஞ்சாப் பூவை விற்கலாகாது என்று ஆணையிட்டது. வரையறையின்றிக் கதவைத் திறப்பதும், வரையறையின்றிப் பூட்டுவதும் ஒரே குறையின் இரு வடிவங்கள். முன்னதற்குத் தாய்லாந்தும், பிசினின் அளவைப் பாராத நமது சட்டம் பின்னதற்கும் சான்றாகின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நார், மருந்து, போதை ஆகிய மூன்றையும் சட்டமும் மொழியும் பிரித்தறிய வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை பதிவு முறை வழியாக நோயாளிக்கு அது எட்டச் செய்வதில் தாமதம் கூடாது. நாரைப் பொறுத்தவரை, வரையறையைத் திருத்தி, முதற்கண் ஆய்வு நிலையங்களில் மட்டும் சோதித்து, கெனாஃபோடு ஒப்பிட்டு முடிவு காண்பதே அறிவுடைமை. போதைக்கான வணிக விற்பனைக்கு, கள்ளுக்கடையின் வரலாற்றை அறிந்த எவரும் வருவாயைக் காரணமாகக் காட்ட இயலாது.

இரண்டாவது, விற்பனையை மறுப்பது வேறு, கொல்வது வேறு. ஒரு செடியை விற்க இசைவு தராத அரசு, அதனை வைத்திருந்தவனின் உயிரைப் பறிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1952இல் இயற்றிய சட்டத்தில் 1975இலும் 1983இலும் சேர்க்கப்பட்டதை 2023இல் ஒரு பகுதி நீக்க முடிந்தது எனில், எஞ்சியதையும் ஆராய முடியும். மலிவு அடுக்ககத்தில் வளர்ந்த இளைஞன் சிறு அளவு கஞ்சாவோடு பிடிபட்டால் அவனுக்குத் தேவைப்படுவது சிகிச்சையும் வேலையுமே என்பதை நம் பள்ளிகளும் சங்கங்களும் உரக்கக் கூறலாம்.

மூன்றாவது, இவ்வரலாறு வகுப்பறைக்கு உரியது. இடைநிலைப் பள்ளி மாணவருக்குப் போதைப்பொருள் ஒழிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்பிக்கிறோம். அதே மாணவருக்கு 1917ஆம் ஆண்டின் ஆணையத்தைப் பற்றியோ, 1941இல் கள்ளுக்கடையை மூடச்சொல்லித் தம் பாட்டன்மார் கிள்ளானில் வேலையை நிறுத்தியதைப் பற்றியோ கற்பிப்பதில்லை. போதையை எதிர்த்த முதற்குரல் அரசின் சுவரொட்டியிலிருந்து எழவில்லை, தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து எழுந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும். அக்குரல் பதிவாகியுள்ள வேலைநிறுத்தக் கோரிக்கைகளையும் ஆணைய அறிக்கைகளையும் தமிழில் தொகுத்து ஆசிரியர் கைக்கு எட்டச் செய்வது இந்திய ஆய்வியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.